பம்பு செட்டில் நடந்த பெண் பார்க்கும் படலம்

ஊர் முழுக்கக் கரண்ட் கட்டில் தவித்துக்கொண்டிருந்த வருஷம் அது. ரெண்டாயிரத்து எட்டாக இருக்கும், இல்லையென்றால் ஒன்பது. ஆடி முடிந்து ஆவணி பிறந்து, முகூர்த்தங்கள் தொடங்கியிருந்த நேரம். படாளத்தில் பெரிய ரோட்டை விட்டு இறங்கி, கரும்புத் தோட்டங்களுக்கு நடுவே உள்ளே போனால் வரும் ஒரு வீட்டில் நடந்த விஷயம் இது.

நான் சொல்லச் சொல்ல என் மருமகள் எழுதுகிறாள். எனக்குப் படிப்பு மூன்றாம் வகுப்போடு நின்றுவிட்டது. பஸ்ஸில் போட்டிருக்கிற ஊர்ப் பெயர் படிப்பேன், கல்யாணப் பத்திரிகையில் பெண் பெயர், மாப்பிள்ளை பெயர் படிப்பேன். அதற்கு மேல் கண்ணுக்கும் பொறுமை இல்லை, மனசுக்கும் இல்லை. ஆனால் இதில் இருக்கிற சொல் எல்லாம் என்னுடையது. அவள் ஒரு வார்த்தை கூடச் சேர்த்தாலும் வாசித்துக் காட்டும்போது கண்டுபிடித்துவிடுவேன்.

நான் கல்யாணத் தரகு பார்க்கிறவள். வீடு செங்கல்பட்டில். தெற்கே படாளம், மதுராந்தகம், கிழக்கே திருக்கழுக்குன்றம் தாண்டி சதுரங்கப்பட்டினம், மாமல்லபுரம், அங்கிருந்து வடக்கே கேளம்பாக்கம் வரைக்கும் என் கால் படாத தெரு கொஞ்சம்தான். நான் முடித்து வைத்த கல்யாணத்தில் பிறந்த பிள்ளைகளுக்கும் நானே முடித்து வைத்திருக்கிறேன். இதைப் பெருமைக்காகத்தான் சொல்கிறேன். பெருமைப்பட வேண்டிய விஷயத்தில் எதற்குக் கூச்சம்?

என் தொழிலில் ஒரு கட்டுப்பாடு உண்டு. ஒவ்வொரு பெண்ணின் போட்டோவும் ஜாதகமும் தனித்தனிக் கவரில் இருக்கும். ஒரு வீட்டில் உட்கார்ந்தால் அந்த வீட்டுக்கு உரிய கவரை மட்டும்தான் பையிலிருந்து எடுப்பேன். "இன்னும் யார் யார் வச்சிருக்கே, காட்டேன்" என்று பையை இழுத்துப் பார்த்தவர்கள் உண்டு. பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வேன். ஒரு வீட்டுப் பெண் இன்னொரு வீட்டுக்குக் கடைத்தெரு சாமான் இல்லை.

இப்படி இருந்த என்னைக் கம்ப்யூட்டர் பக்கம் தள்ளிவிட்டவர் கேளம்பாக்கத்தில் அடுக்குமாடி வீட்டில் இருந்த ஒரு அம்மாள். அவர் வீட்டுக்காரர் அணுமின் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரே மகன் ஐ.டி. வேலை, கம்பெனி அவனை வெளிநாட்டுக்கு அனுப்பியிருந்தது. நான் கவரை நீட்டினால் அந்த அம்மாள் வாங்கிப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்கு. ஆனா பையன் பார்க்கணுமே. மெயில்ல அனுப்பிடுங்க" என்பார். அவர் மட்டும் இல்லை, போகிற இடமெல்லாம் இதே பேச்சாகிவிட்டது.

மருமகளை அழைத்துக்கொண்டு பிரவுசிங் சென்டருக்குப் போனேன். அவள் போட்டோவைக் கம்ப்யூட்டரில் ஏற்றினாள். பெண்ணின் முகம் அந்தப் பெரிய திரையில் சினிமா போஸ்டர் மாதிரி வந்து நின்றது. பக்கத்து நாற்காலி, பின் நாற்காலி எல்லாம் திரும்பின. ஒருத்தன் எழுந்தே நின்று பார்த்தான். நான் முந்தானையை எடுத்துத் திரைமேல் போட்டு மூடினேன். "அத்தை, நீங்க மூடிட்டா நான் எப்படி அனுப்புறது?" என்றாள் மருமகள். "நீ ஒண்ணும் அனுப்ப வேணாம், எழுந்து வா" என்றேன்.

அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். எனக்கென்று ஒன்று வாங்குவது, அதுவும் என் பையோடு பஸ்ஸில் வருகிறதாக வாங்குவது.

செங்கல்பட்டில் கம்ப்யூட்டர் விற்கிற கடைக்குப் போனோம். கடைக்காரர் முதலில் மருமகளைத்தான் பார்த்துப் பேசினார். வாங்குகிறவள் நான் என்று தெரிந்ததும் அவருக்கு ஒரு சிரிப்பு. பெரியதாக ஒன்றை எடுத்து வைத்தார்.

"இது பெரிய ஸ்கிரீன்மா. படம் பார்க்க சூப்பரா இருக்கும்."

"படம் பார்க்க வூட்ல டிவி கீது. தூக்கினு போறாப்ல காட்டு நைனா."

சின்னது எடுத்தார். அப்போதுதான் மினி லேப்டாப் என்று கையகல ஜாதி ஒன்று வந்திருந்தது. நான் எப்போதும் கொண்டு போகிற கட்டைப் பையை அன்றைக்கும் கொண்டு போயிருந்தேன். எவர்சில்வர் தண்ணீர் பாட்டில், வெற்றிலைப் பை, கவர்க் கட்டு எல்லாம் அதில் இருந்தன. அவர் காட்டிய ஒவ்வொன்றையும் அந்தப் பைக்குள் வைத்து, தோளில் மாட்டிக்கொண்டு, கடை ஷட்டர் கம்பியை ஒரு கையால் பிடித்தபடி நின்று பார்த்தேன்.

"இன்னாம்மா பண்றீங்க?"

"திருக்கழுக்குன்றம் பஸ்ஸுல நிக்கிறேன். ஒக்கார எடம் எங்க கிடைக்குது? தோளு தாங்குதான்னு பார்க்க வேணாமா?"

அவர் மெதுவாக வழிக்கு வந்தார். பேட்டரி எவ்வளவு நேரம் நிற்கும் என்று கேட்டேன். கரண்ட் இருக்கும்போது பிளக்கில் போட்டுக்கொள்ளலாம் என்றார். "ஒரு வூட்டுக்குப் போறேன். வாங்க, ஒக்காருங்கன்றாங்க. நான் இன்னா, 'அது இருக்கட்டும், பிளக் எங்க கீது'ன்னா கேட்பேன்?" என்றேன். அதற்கப்புறம் பேட்டரி கெட்டியான வகையை மட்டும் எடுத்து வைத்தார். ஒவ்வொன்றையும் கடைவாசலுக்கு வெளியே வெயிலில் கொண்டுபோய்த் திறந்து பார்த்தேன். வெயிலில் எதுவுமே சரியாகத் தெரியவில்லை. வீட்டுக்குள் உட்கார்ந்து காட்டுகிற பொருள்தானே என்று அதை விட்டுவிட்டேன். இது பின்னால் எனக்குப் பாடம் ஆயிற்று.

கடைசியில் ஒன்று எல்லாவற்றுக்கும் பொருந்தி வந்தது. ஆனால் கருப்பு.

"நல்ல காரியம் பேசப் போறவ கருப்புப் பொட்டியத் தூக்கினு போவாளா?" என்றேன்.

"கம்ப்யூட்டர்னா கருப்புதாம்மா."

"உன் கல்யாணத்துக்குக் கருப்புப் புடவையா எடுத்தே?"

கடையில் நின்ற எல்லோரும் சிரித்துவிட்டார்கள். உள்ளே போய்த் தேடி, அதிலேயே சிவப்பு ஒன்று கொண்டுவந்தார். நல்ல குங்குமச் சிவப்பு. பில் போடும்போதும் அவருக்கு மனசு ஆறவில்லை. "ஒண்ணு சொல்லிடறேன்மா, இதுல சிடி போட முடியாது. அப்புறம் வந்து சண்டை போடாதீங்க."

"கல்யாண சிடிதானே? அது கல்யாணம் ஆனப்புறம் வர்றது. என் வேலை அதுக்கு முன்னாலயே முடிஞ்சிடும்" என்றேன்.

அடுத்தது இன்டர்நெட். விரல் நீளத்துக்கு ஒரு குச்சி, டேட்டா கார்டு என்பார்கள். பக்கவாட்டில் செருகினால் போகிற இடமெல்லாம் இன்டர்நெட் வருமாம். எந்தக் கம்பெனியுடையது வாங்குவது என்பதில் நான் யார் பேச்சையும் கேட்கவில்லை. எத்தனை வீடு ஏறி இறங்குகிறேன்! எந்த ஊரில் எந்த போன் வைத்திருக்கிறவர்கள் உட்கார்ந்த இடத்திலேயே பேசுகிறார்கள், யார் மொட்டை மாடி ஏறி "ஹலோ ஹலோ" என்று கத்துகிறார்கள் என்பது எனக்குத் தெரியாதா? யோசித்துப் பார்த்து ஒன்றைச் சொன்னேன். முதல் தடவையாக அதை மாமல்லபுரம் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து மருமகள் செருகிப் பார்த்தாள். கேளம்பாக்கத்து அம்மாளின் மெயில் வந்து விழுந்தது. சும்மாவா தேர்ந்தெடுத்தேன் என்று அவளைப் பார்த்தேன். அவளும் ஒத்துக்கொண்டாள்.

மருமகள் எனக்காக ஒரு ஏற்பாடு செய்தாள். கவருக்குப் பதிலாகக் கம்ப்யூட்டருக்குள் ஒவ்வொரு பெண்ணுக்கும் தனித்தனி அறை. எனக்கு இங்கிலீஷ் எழுத்து தெரியாது என்பதால் ஒவ்வொரு அறைக்கும் வெளியே ஒரு படம். தாமரை, கிளி, குத்துவிளக்கு, மயில். எந்தப் பெண் எந்தப் படம் என்பது எனக்கும் அவளுக்கும் மட்டும் தெரியும். திறந்தால் அந்த ஒரு பெண் மட்டும்தான் வருவாள். வீடியோவில் பேசுவதற்கு எதை எப்படி அழுத்துவது என்றும் கற்றுக்கொண்டேன். கற்றுக்கொள்ளச் சில நாள் ஆயிற்று, பொய் சொல்லவில்லை.

படாளத்துப் பெண்தான் மயில்.

நல்ல பெண். டிகிரி முடித்துவிட்டு மதுராந்தகத்தில் ஒரு ஆபீஸில் டைப் அடிக்கிற வேலையில் இருந்தாள். அப்பாவுக்குக் கரும்பு. அவளுக்கு உதட்டோரத்திலும் வலது கை விரல்களிலும் வெண்புள்ளி. ஒட்டிக்கொள்கிற வியாதி இல்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார். டாக்டர் சொன்னால் ஊர் கேட்குமா? கல்யாணம் கூடி வரத் திருவிடந்தைப் பெருமாளுக்கு மாலை சாத்தி, அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டு பிரகாரமும் சுற்றிவிட்டு வந்திருந்தாள். அவளுக்குக் கீழே ஒரு தங்கை, இவளுக்கு முடிந்தால்தான் அவளுக்குப் பேச்சு.

குறையை மறைத்து நான் கல்யாணம் பேசுகிறதில்லை. பையனின் அம்மாவிடம் வாயால் சொல்லிவிடுவேன். முன்பு வந்த இரண்டு இடத்திலும் சொல்லித்தான் அழைத்து வந்தேன். ஆனால் அந்த அம்மாக்கள் தங்கள் பிள்ளைகளிடம் சொல்லவில்லை. ஸ்டுடியோக்காரர் போட்டோவில் உதட்டோரத்தை அழகாகச் சரி செய்து வைத்திருந்தார். பையன்கள் அதைப் பார்த்துவிட்டு வந்தார்கள். பெண் காபித் தட்டோடு வந்து நிமிர்ந்தபோது அவர்கள் முகம் மாறியதை நான் பார்த்தேன், அவளும் பார்த்தாள்.

மூன்றாவதாக இந்தக் கேளம்பாக்கம் இடம். அந்த அம்மாளிடமும் சொன்னேன். "சின்னதுதானே, வந்து பார்ப்போம்" என்றார். மகன் கொஞ்ச நாள் லீவில் வரப் போகிறான், அதற்குள் நாலு இடம் பார்ப்பதாக ஏற்பாடு. நான் படாளத்துக்குப் போய்ச் சொன்னேன். பெண் என் பையிலிருந்த சிவப்புப் பெட்டியைப் பார்த்துவிட்டு என்னைக் கேட்டாள்.

"அம்மா, இதுல கேமரா கீதுதானே?"

"கீது."

"அப்போ அவரு முதல்ல என்னை இதுல பார்க்கட்டும். இந்த ஸ்டுடியோ போட்டோ வேணாம். பார்த்துட்டு வேணாம்னா அங்கேர்ந்தே சொல்லிடட்டும். இன்னொரு வாட்டி நான் தட்டு தூக்கினு வந்து நிக்க மாட்டேன்."

அப்பாவுக்கு இது பிடிக்கவே இல்லை. "இன்னாக்கா இது புதுப் பழக்கம்? மாப்ள வூட்டுக்கு வரணும், ஒக்காரணும், பஜ்ஜி துன்னணும், பொண்ணு காபி குடுக்கணும். டிபன் பாக்ஸு கணக்கா கீது, அதுல மூஞ்சியக் காட்டி வுட்டா அதுக்குப் பேரு பொண்ணு பார்க்கறதா?"

பெண் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "ரெண்டு வாட்டி பஜ்ஜி துன்னுட்டுப் போனாங்களேப்பா. இன்னா ஆச்சு?"

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். போய்ப் பஞ்சாங்கத்தைப் பார்த்து நல்ல நேரம் குறித்துக்கொண்டு வந்தார்.

அந்த நேரத்தைக் கேளம்பாக்கத்து அம்மாள் மூலமாகப் பையனுக்கும் சொல்லிவிட்டு, அன்றைக்கு நான் தனியாகப் போனேன். மருமகள் கூட வருகிறேன் என்றாள், வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். எல்லாம் கற்றுக்கொண்டுவிட்டேன் என்ற தைரியம்.

அந்த வீட்டில் செய்திருந்த ஏற்பாட்டைப் பார்த்தபோது எனக்கே சந்தோஷமாக இருந்தது. பூஜை அறைக்குப் பக்கத்தில் கோலம் போட்டு, மணை போட்டு, குத்துவிளக்கு ஏற்றியிருந்தார்கள். மாப்பிள்ளை வந்தால் எங்கே உட்காருவாரோ அங்கே பெட்டி உட்கார வேண்டும் என்று. நானும் அதைக் கிழக்குப் பார்க்க மணைமேல் வைத்தேன். பெண்ணின் அம்மா வந்து, நல்ல காரியம் ஆயிற்றே என்று சந்தனத்தைக் குழைத்து, திரைக்கு மேலே நடுநெற்றியில் வைக்கிற மாதிரி அழகாக வைத்து, அதன் மேல் குங்குமமும் வைத்தார். நான் "நல்லா வையுங்க" என்றேன். என் பெட்டிக்கு மரியாதை செய்கிறார்கள் என்று எனக்குப் பெருமை.

குச்சியைச் செருகினேன். சிக்னல் இல்லை.

எடுத்துத் துடைத்துவிட்டு மறுபடி செருகினேன். ஒன்றுமில்லை. நான் விசாரித்து வைத்திருந்தது எல்லாம் பெரிய ரோட்டை ஒட்டிய வீடுகளில். இந்த வீடோ கரும்புக்கு நடுவே, அதிலும் பூஜை அறைப் பக்கம், சுற்றிலும் கெட்டிச் சுவர். கரண்ட் வேறு போய்விட்டது. அப்பா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "இன்னும் கொஞ்ச நேரத்துல ராகு காலம் வந்துடும்க்கா. கெடச்சாதான் ஆச்சு. அந்தத் தம்பி அங்க வேற ஒக்காந்துகினு கீதாமே."

இந்த இடமும் நழுவினால் அந்தப் பெண் இனி யாரையும் பார்க்கச் சம்மதிக்க மாட்டாள், அது எனக்கு நன்றாகத் தெரியும். அதுவும் என் பெட்டியாலா நழுவ வேண்டும்?

பெண் பட்டுப் புடவையில் உள்ளே உட்கார்ந்திருந்தாள். எழுந்து வந்தாள். மணைமேல் இருந்த பெட்டியைத் திறந்தபடியே இரண்டு கையாலும் தூக்கினாள்.

"அம்மா, அப்பா போன் பேசணும்னா பம்பு செட்டுக்குத்தான் போவாரு. அங்க எடுக்கும்" என்று என்னிடம் சொல்லிவிட்டு நடந்தாள்.

வரப்பில் அவள் முன்னால் போகிறாள். பட்டுப் புடவை, தலை நிறையப் பூ, கையில் சிவப்புப் பெட்டி. பின்னால் நான். எனக்குப் பின்னால் அவள் அப்பா, அவருக்குப் பின்னால் சொஜ்ஜித் தட்டோடு அம்மா. தட்டை எதற்கு எடுத்து வந்தார் என்று அவருக்கே தெரியாது. கரும்பு வெட்டிக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். "இன்னா அண்ணாத்த, பொண்ண எங்க இட்டுகினு போறே?" என்று ஒருத்தி கேட்டாள். "மாப்ள பார்க்க" என்றார் அவர், திரும்பாமல்.

பம்பு செட்டுத் தொட்டியின் சுவர்மேல் பெட்டியை வைத்தாள். குச்சியில் விளக்கு எரிந்தது. சிக்னல் வந்துவிட்டது. ஆனால் வெயிலில் திரை கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது, எங்கள் முகம்தான் அதில் தெரிந்தது. செங்கல்பட்டுக் கடைவாசலில் பார்த்தது எனக்கு அப்போது ஞாபகம் வந்தது. அப்பா பம்பு செட்டு அறைக்குள் ஓடி ஒரு பழைய குடையை எடுத்து வந்து, பெண்ணுக்கும் பெட்டிக்கும் சேர்த்துப் பிடித்தார்.

பையன் திரையில் வந்தான். பேச்சு வந்தது, நின்றது, மறுபடி வந்தது. அவன் முகம் சதுரம் சதுரமாக உடைந்து அப்படியே நின்றது.

"ஹலோ... கேட்குதா? எனக்கு ஒண்ணுமே தெரியலையே. ஒரே செவப்பா இருக்கு."

பெண் திரையின் மேல் பக்கம் பார்த்தாள். அவள் அம்மா சந்தனம் குங்குமம் வைத்தது நேராகக் கேமராவின் கண்மேல். நெற்றிக்கு நடுவே வைக்கிற பழக்கத்தில் வைத்தது, அங்கேதான் கேமரா இருக்கிறது என்று அவருக்கு என்ன தெரியும்? "நல்லா வையுங்க" என்று சொன்ன எனக்காவது தெரிந்திருக்க வேண்டும். பெண் முந்தானை நுனியால் துடைத்தாள். துடைக்கத் துடைக்க மெழுகின மாதிரி பரவியது.

"இப்போ தெரியுதா?" என்று கேட்டு, முகத்தைக் கிட்டே கொண்டுபோய், உதட்டோரத்தைக் காட்டினாள்.

"ஏதோ... குடை மாதிரி... யாரோ குடை புடிச்சிருக்காங்களா?"

நான் நினைத்தேன், இதுவும் நல்லதுதான், தெரியாவிட்டால் என்ன, வரட்டும், நேரில் பார்க்கட்டும் என்று. ஆனால் அந்தப் பெண் எதற்காக இவ்வளவு தூரம் வந்தாளோ அது நடக்கவில்லையே என்றும் இருந்தது. சரி, நம் வேலையை நாம் செய்வோம் என்று பெட்டிக்கு நேரே குனிந்தேன். "தம்பி, நான் தரகர் பேசறேன். பொண்ணுக்கு இன்னான்னா..."

பெண் என் கையைப் பிடித்தாள். அழுத்திப் பிடிக்கவில்லை, மெதுவாகத்தான்.

"அம்மா, நீங்க இருங்க. நான் சொல்லிக்கிறேன்."

இத்தனை வருஷத்தில் என்னிடம் இந்த வார்த்தையை யாரும் சொன்னதில்லை. பெண் வீட்டுக்காரர்கள் சொல்ல முடியாததை நான் சொல்வேன், பையன் வீட்டுக்காரர்கள் கேட்கக் கூசுவதை நான் கேட்பேன். அதற்குத்தான் தரகர். நான் நிமிர்ந்து, ஒரு அடி பின்னால் போய் நின்றேன்.

பேச்சு மறுபடி நின்றுவிட்டது. அவள் என்னவோ அழுத்தினாள், படம் போய்விட்டது. கீழே எழுத்துகள் வந்தன. அவள் டைப் அடிக்க ஆரம்பித்தாள். ஆபீஸில் அடிக்கிற கை, அந்தச் சின்னப் பொத்தான்கள்மேல் மழை மாதிரி விழுந்தது. வெண்புள்ளி விரல்கள்தான். அவள் அடித்து நிறுத்துவாள், கொஞ்ச நேரம் கழித்து அந்தப் பக்கத்திலிருந்து ஒரு வரி வரும். எல்லாம் இங்கிலீஷ் எழுத்து. எனக்கு ஒன்றும் புரியவில்லை. அப்பாவுக்கும் தமிழ் மட்டும்தான் படிக்க வரும். அவர் குடையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டு எட்டி எட்டிப் பார்த்தார்.

"இன்னாம்மா சொல்றாரு?"

"பேசிகினு கீறோம்பா."

"வாயே தொறக்கலியே?"

"இப்டிதான்பா பேசறது."

அவர் என்னைப் பார்த்தார். நான் பெட்டியின் சொந்தக்காரி, எனக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்திருப்பார். நான் எல்லாம் புரிந்த மாதிரி தலையை ஆட்டினேன்.

ஒரு இடத்தில் அவள் அடித்து முடித்துவிட்டு, கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். அந்தப் பக்கத்திலிருந்து ஒன்றும் வரவில்லை. தொட்டிக்குள் தண்ணீர் சொட்டுகிற சத்தம் கேட்டது. சொல்லிவிட்டாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. எழுத்து தெரியாவிட்டால் என்ன, முகம் தெரியுமே. சிக்னல் போய்விட்டதா, பையன் போய்விட்டானா என்று நான் குச்சியின் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. அப்பா குடையை மாற்றக்கூட மறந்து நின்றார்.

அப்புறம் ஒரு வரி வந்தது. அவள் படித்தாள். திரும்பப் படித்தாள். சட்டென்று சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே புறங்கையால் கண்ணைத் துடைத்தாள். பதிலுக்கு என்னவோ அடித்தாள். உடனே அங்கிருந்து இரண்டு மூன்று வரி கடகடவென்று வந்தது.

பேட்டரி தீரப் போகிறது என்று பெட்டி கத்தியபோதுதான் மூடினாள். என்னிடம் கொடுத்து, "வராராம்மா. எல்லாம் தெரிஞ்சிதான் வராரு" என்றாள். அவள் அம்மாவிடமிருந்து தட்டை வாங்கி, வரப்பிலேயே உட்கார்ந்து சொஜ்ஜியைச் சாப்பிட ஆரம்பித்தாள். "மாப்ளக்கி வச்சதுடி அது" என்றார் அம்மா. "அவருக்குப் பசிக்காதும்மா, அங்க நடுராத்திரி" என்றாள்.

பஸ்ஸில் திரும்பும்போது எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் உள்ளே ஒரு குறுகுறுப்பு. என் பெட்டி, நான் பார்த்துப் பார்த்து வாங்கினது, என் கண்ணுக்கு முன்னால் நடந்த பேச்சு. என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டு குடும்பத்துக்கு நடுவே போகிற பேச்சில் எனக்குத் தெரியாதது என்று அதுவரை ஒன்று இருந்ததில்லை.

வீட்டுக்கு வந்து மருமகளிடம் எல்லாம் சொன்னேன். அவள் பெட்டியைப் பிளக்கில் போட்டுத் திறந்து பார்த்துவிட்டு, "அத்தை, அவங்க பேசினது அப்படியே இதுல இருக்கு. படிச்சுச் சொல்லட்டா?" என்றாள்.

சரி என்று சொல்ல வாய் வந்துவிட்டது. அந்தப் பெண் தன் குறையை எப்படிச் சொன்னாள், அவன் என்ன சொல்லி அவளைச் சிரிக்க வைத்தான் என்று தெரிந்துகொண்டால், அடுத்த வீட்டில் பேச எனக்கு எத்தனை உதவியாக இருக்கும்! அப்போது கட்டைப் பை எதிரே ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதிலிருந்து எத்தனை கைகளைத் தட்டிவிட்டிருக்கிறேன். இப்போது பிரிக்கப் பார்ப்பது என் கையா?

"அழிச்சிடு" என்றேன்.

"நிஜமாவா அத்தை?"

"அது அவங்க கவரு. அழிச்சிடு."

பையன் லீவில் வந்தபோது மற்ற மூன்று இடமும் வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, முதலில் படாளம்தான் வந்தான். பெண் பார்க்கும்போது நான் ஒன்றே ஒன்றைத்தான் கவனிப்பேன். பெண் நிமிர்ந்த அந்த முதல் நொடியில் பையனின் முகம். இவன் முகம் மாறவில்லை. ரொம்ப நாள் பழகினவர்களைப் பார்க்கிற மாதிரி பார்த்தான். அப்புறம் சுற்றிலும் பார்த்துவிட்டு, "அன்னைக்கு குடை புடிச்சது யாரு?" என்று கேட்டான். அப்பா கையைத் தூக்கினார். இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் பஜ்ஜி ஆறிப்போயிற்று.

மாமல்லபுரம் போகிற வழியில் ஒரு மண்டபத்தில் கல்யாணம் நடந்தது. தங்கைக்கும் அடுத்து நானே முடித்தேன். மூத்தவளும் மாப்பிள்ளையும் வெளிநாட்டிலிருந்து திரும்பிக் கேளம்பாக்கத்தில் குடிவந்த பிறகு ஒருநாள் போயிருந்தபோது, பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன், அன்றைக்கு பம்பு செட்டில் என்னதான் பேசிக்கொண்டீர்கள் என்று. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "ஒண்ணுமில்லம்மா" என்று ஒரே குரலில் சொன்னார்கள். காபி எடுத்து வர எழுந்து போனவளுக்குச் சமையலறை வரைக்கும் சிரிப்பு.

அந்தச் சிவப்புப் பெட்டி பிறகு ஒரு மழையில் நனைந்து போய்ச் சேர்ந்தது. வேறு வாங்கினேன், இன்னும் தொழில் நடக்கிறது. அன்று அழிக்கச் சொன்னதை என் மருமகள் படித்துவிட்டு அழித்தாளா, படிக்காமல் அழித்தாளா என்று நான் கேட்டதில்லை. இதை எழுதும்போது தலையைக் குனிந்துகொண்டுதான் எழுதுகிறாள். இன்றைக்கும் ஒரு பெண்ணையும் பையனையும் பேச உட்கார வைத்தால், அந்தக் கை என் கையைப் பிடித்தது ஞாபகம் வருகிறது, ஒரு அடி பின்னால் போய் நின்றுகொள்கிறேன்.